முறைப்பாடு இல்லாத ஊர் பாதுகாப்பான ஊரா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சங்கச் செயற்குழுவும் அப்படித்தான் நினைத்தது. நாம்தான் வேறு விடயம் பேச அனுமதி கேட்டோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எமது தோழிகள் விடுமுறைக்கு வர முன்னர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "இப்ப திருகோணமலை பாதுகாப்புத்தானே? சங்கிலி போட்டுக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகலாமா? பிள்ளைகளோட பின்னேரம் கடற்கரையில நடக்கலாமா?"

"நடக்கலாம், தாராளமாக வாருங்கோ. பெரிய சங்கிலியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கோ" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு கிழமைக்கு வருபவருக்கு அந்தப் பதில் போதும். ஆனால் இதே கேள்வியை வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ ஒரு பெண்பிள்ளை கேட்டால் அந்தப் பதிலைச் சொல்ல எமக்கு வாய் வராது. அவள் எந்த நேரம், எந்த பஸ்ஸில், யாருடன், யார் வீட்டில் இருந்து புறப்படுகிறாள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

எமது வயதுக்காரர்களுக்குப் 'பாதுகாப்பு' என்ற சொல்லே ஒரு சிக்கல். நாம் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக இந்த வாயிலுக்குள் வந்த காலத்தில் அது படைகளின் சொல்லாக இருந்தது. பாதுகாப்புப் படை, பாதுகாப்பு வலயம், பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்ட வீதி. அடையாள அட்டை கையில் இல்லையென்றால் ரியூசனுக்கும் போக முடியாது. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த சாவடி வரை நடந்ததுதான் எமது பள்ளிப்பருவம். சண்டை முடிந்து சாவடிகள் போயின. இனி எல்லாம் சரி என்று நாமும் நினைத்தோம். ஆனால் வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் ஒரு திங்கட்கிழமை காலை நின்று பார்த்தால், அந்தச் சொல் இன்னும் எமது பெண்களின் கைக்கு வந்து சேரவில்லை என்பது தெரியும்.

முதலில் எண்களைப் பார்ப்போம், சுருக்கமாக.

எமது மாவட்டம் 11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். மூன்று இனத்தவரும் கணிசமாக வாழும் மாவட்டங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. அவற்றில் ஒன்று இது. நகரமும் துறைமுகமும் சீனக்குடாவின் ஆலைகளும் ஒரு பக்கம். உப்புவெளி, நிலாவெளி உல்லாச விடுதிகள் இன்னொரு பக்கம். கந்தளாய்க் குளத்து வயல்கள், சேருவில, மொரவெவ, பதவிசிறிபுரக் குடியேற்றக் கிராமங்கள், மூதூர் கிழக்கில் இடம்பெயர்ந்து மீண்டு வந்த சம்பூர் மக்கள், யானைக்குப் பயந்து இரவில் கண்விழிக்கும் சேனைக்காரர்கள், எல்லோரும் இந்த ஒரே மாவட்டத்துக்குள்தான். இத்தனையையும் ஒன்றாகக் கூட்டி, சனத்தொகையால் வகுத்து, "ஓர் இலட்சம் பேருக்கு இத்தனை குற்றம்" என்று ஒரு எண்ணைச் சொன்னால் அது எந்த ஊரின் எண்?

கணக்கும் சில வேளை ஏமாற்றும். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பிரிவில் ஓர் ஆண்டில் ஒரேயொரு கொலை நடந்தால், கணக்கின்படி இலட்சத்துக்குப் பத்து. உலகச் சராசரி ஏறத்தாழ ஆறு. அந்த ஒரு சம்பவத்தால் அந்தச் சிறு பிரிவு உலகத்தின் ஆபத்தான இடங்களின் வரிசைக்குப் போய்விடும். அடுத்த வருடம் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். மறுபக்கம், நகரத்தில் பொலிஸ் நிலையம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, அதனால் சைக்கிள் தொலைந்தாலும் பதிவாகிறது. காட்டோரக் கிராமத்தில் ஆடு களவு போனால் யாரும் பஸ் ஏறுவதில்லை. நகரத்தின் எண் கூடுவதற்கு நகரத்தார் கெட்டவர்கள் என்பது காரணமல்ல.

கொலை பெரும்பாலும் மறையாது. உடல் இருக்கும், மரண விசாரணை இருக்கும். வாகனத் திருட்டும் மறையாது, காப்புறுதிக்கு முறைப்பாடு வேண்டும். மறைவது பெண்ணின் உடம்பில் நடப்பது.

தண்டனைச் சட்டக்கோவை 1883இல் எழுதப்பட்டது. காயம் என்றும் கடுங்காயம் என்றும் அது இரண்டாகப் பிரிக்கிறது. எலும்பு முறிந்தால் கடுங்காயம். பல் உடைந்தாலும் கடுங்காயம். முதுகு முழுவதும் கன்றி நீலம் பாரித்து, ஒரு கிழமைக்கு மல்லாந்து படுக்க முடியாமல் கிடந்தாலும் அது சாதாரண காயம்தான். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் அடையாளமிடுவது வைத்தியரின் கை. பொலிஸார் ஆண்டுதோறும் வெளியிடும் பாரதூரமான குற்றங்களின் பட்டியலுக்குள் கடுங்காயம் போகும். கை முறியாமல் அடி வாங்கியவளின் காயம் சிறு குற்றங்களின் பக்கம் போய்விடும். அடிப்பவர்களில் சிலருக்கு இந்த வித்தியாசம் எம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது போலும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1995இல் சட்டத்தைத் திருத்தியபோதுகூட, கணவன் மனைவியின் விருப்பத்துக்கு மாறாக நடப்பதை வன்புணர்வு என்று ஏற்றுக்கொள்ளவில்லை. நீதிமன்றம் அவர்களைப் பிரித்து வைத்திருந்தால் மாத்திரமே அது குற்றம். குற்றமாகவே எழுதப்படாத ஒன்று குற்ற எண்ணிக்கைக்குள் எப்படி வரும்?

அப்படியானால் வைத்தியசாலைக்கு வருபவர்கள் என்ன சொல்கிறார்கள்? "கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டன் டொக்டர்." "கதவு முகத்தில அடிச்சிட்டுது." "மாடு முட்டிப் போட்டுது." எமது மாவட்டத்தில் உண்மையாகவே மாடு முட்டித்தான் பலர் வருகிறார்கள், ஆகவே சிரிக்க முடியாது. ஆனால் உடம்புக்குத் தனி மொழி உண்டு. வழுக்கி விழுந்தவர் கையை ஊன்றுவார். உள்ளங்கை, முழங்கை, முழங்கால், நெற்றி என்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில்தான் காயம் இருக்கும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் நீளமாகக் கன்றியிருக்கும். காதுமடல், கழுத்து, மேற்கையின் உட்பக்கம், இங்கெல்லாம் கிணற்றடி போய் அடிக்காது. ஒரே உடம்பில் நீலம், பச்சை, மஞ்சள் என்று வெவ்வேறு நிறத்தில் கன்றல்கள் இருந்தால் அவை வெவ்வேறு நாட்களில் விழுந்தவையாக இருக்கலாம் என்று நாம் யோசிக்கத் தொடங்குவோம்.

எல்லாவற்றிலும் எம்மைக் கூடுதலாகப் பயமுறுத்துவது கழுத்து நெரிப்பு. வெளியே ஒரு கீறலும் இருக்காது. குரல் கம்மியிருக்கும், விழுங்க நோகும், கண்ணின் வெள்ளையில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் இருக்கும். "தடிமன்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு முறை கழுத்தில் கை வைத்தவனின் கையால் அந்தப் பெண் பின்னொரு நாள் கொல்லப்படும் ஆபத்துப் பல மடங்கு கூடுகிறது என்பது உலகெங்கும் வைத்தியர்கள் கண்ட உண்மை. உங்கள் மகளோ மருமகளோ அயலில் உள்ள பிள்ளையோ கழுத்தைப் பிடித்தான் என்று ஒரு சொல் சொன்னால், அதைக் குடும்பச் சண்டை என்று கணக்கில் வைக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டி வாருங்கள்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் பெண்களிடம் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு செய்தது. துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் ஒரு தடவையாவது துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். இந்த மண்டபத்தில் ஒரு வரிசையில் பத்துக் கதிரைகள் இருக்கின்றன. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

வைத்தியரின் எழுத்துக்கு என்ன பலம் இருக்கிறது, அந்தப் பலம் எங்கே முடிகிறது என்பதை இந்த நகரம் நன்றாக அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். எமது தம்பிமாரின் வயது. அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்ததாகத்தான் முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் கண்டறியப்பட்டன. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களும் அதையே காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்ட வைத்திய அதிகாரியின் அந்த அறிக்கை மட்டும் இல்லாதிருந்தால், ஐந்து பிள்ளைகளும் குண்டு வைத்திருந்தவர்கள் என்ற வரியோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். ஆனால் அறிக்கை இருந்தும், 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். எழுதப்பட்ட காயத்தோடு, பயமில்லாமல் எழுந்து நின்று "நான் கண்டேன்" என்று சொல்ல ஒரு மனிதரும் வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் அடியிலும் இதே நிலைதான்.

2009 மார்ச்சில் எமது நகரத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கப்பத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டதை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிடிபட்ட சந்தேகநபர்களில் சிலர் வழக்குக்கு முன்பே இறந்துபோனார்கள். நல்லதுதான் நடந்தது என்று அன்று ஊரே சொன்னது. எமக்கு அதில் உடன்பாடு இல்லை. விசாரணை நடந்து, யார் செய்தது, யார் துணை நின்றது, எங்கே தவறவிட்டோம் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தால் அடுத்த பிள்ளையைக் காக்க அது உதவியிருக்கும்.

இனித் தூரத்தைப் பற்றி. இதுதான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது.

வெருகலில் ஒரு பெண் அடிபடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் இருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர். முன்னர் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்தோ கிண்ணியாத் துறையில் காத்திருந்தோதான் வரவேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வழி சுருங்கியது. பாலங்கள் பெண்களுக்குச் செய்த நன்மையை யாரும் சரியாக எழுதவில்லை என்பது எமது எண்ணம். என்றாலும் அவள் என்ன செய்ய வேண்டும்? முதலில் பொலிஸ் நிலையம். அங்கே சிறுவர் மகளிர் பிரிவில் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் அன்று கடமையில் இருக்க வேண்டும். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். தமிழில் முறையிடுவதும், தமிழில் எழுதி வாசித்துக் காட்டச் சொல்வதும், விளங்காததில் கையெழுத்து வைக்காமல் இருப்பதும் அவளுடைய உரிமை. நடைமுறையில் அவள் தமிழில் சொல்ல, அது சிங்களத்தில் எழுதப்பட்டு, கையெழுத்து வாங்கப்படுவதும் உண்டு. பிறகு படிவத்தோடு வைத்தியசாலை. பெரிய காயம் என்றால் மூதூரில் இருந்து நகரத்துக்கு. சட்ட வைத்திய அதிகாரி அன்று வேறு வழக்குக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கலாம். பிறகு நீதிமன்றம், தவணை, இன்னொரு தவணை. ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி. கைப்பிள்ளையை யாரிடம் விடுவது? இரவு எங்கே தங்குவது? இத்தனையையும் நினைத்துவிட்டு அவள் "கிணற்றடி" என்று சொன்னால், அவளுக்குத் துணிவில்லை என்று சொல்ல எமக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தப் பிரிவின் எண் குறைந்திருப்பதைக் காட்டி "அங்கே அமைதி" என்று அறிக்கை எழுதுபவர்கள் ஒரு தடவை அந்த பஸ்ஸில் பயணம் செய்ய வேண்டும்.

சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல வரவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் படித்தவர்களே அறியாமல் இருக்கிறார்கள். அதன் கீழ் பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பொலிஸாரும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. கணவனைச் சிறையில் போடுவதும் அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல. முதலில் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. மீறினால்தான் அது குற்றம். "அவரை உள்ள போட வேண்டாம் டொக்டர், அடிக்காம இருந்தாப் போதும்" என்று சொல்லும் பெண்களுக்கென்றே எழுதியது போன்ற சட்டம். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

பிள்ளைகளின் விடயம் இன்னும் கசப்பானது. நாட்டில் பதிவாகும் வன்புணர்வு முறைப்பாடுகளில் பெரும்பகுதி 16 வயதுக்கு உட்பட்ட சிறுமிகள் தொடர்பானவை. செய்தவர் பெரும்பாலும் தெரியாதவர் அல்ல. உறவினர், அயலவர், பஸ்ஸில் கூட்டிப்போகும் நம்பிக்கையானவர், அல்லது காதலன் என்று பிள்ளை நம்பியவர். மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போயிருக்கும் குடும்பங்கள் பல. ஏதாவது நடந்தால் ஊர் உடனே தாயைத்தான் கேட்கிறது, "ஏன் விட்டுட்டுப் போனாள்?" என்று. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறையும் தாயைத்தான் கேட்டது. வீட்டில் இருந்த தகப்பனை யாரும் ஒரு படிவமும் நிரப்பச் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது பிள்ளை நன்னடத்தை இல்லத்தில் அடைபட்டிருக்க, சந்தேகநபர் பிணையில் வந்து சந்தியில் நிற்கும் நிலையும் உண்டு. பிள்ளையின் படிப்பு அத்தோடு முடிந்துவிடும். இதைப் பார்த்த அடுத்த வீட்டுத் தாய் வாய் திறப்பாளா?

இங்கே வைத்தியராக நாலு வரி சொல்லியே ஆகவேண்டும், வீட்டில் போய்ச் சொல்லுங்கள். அப்படியொன்று நடந்தால் பிள்ளையைக் குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல், பொலித்தீனில் அல்ல, கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் கருத்தரிக்காமல் இருக்கவும் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் மருந்து கொடுக்கலாம், சான்றும் எடுக்கலாம். நேரம் கடந்துவிட்டது, குளித்துவிட்டாள் என்றாலும் வாருங்கள். பொலிஸுக்குப் போகாமல் வந்தாலும் சிகிச்சை உண்டு. காயம் ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று எந்த ஒழுங்கான வைத்தியரும் எழுத மாட்டார். கன்னித்தன்மை பார்க்கச் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மாரும் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்துச் சொல்லக்கூடிய பரிசோதனை மருத்துவத்தில் கிடையாது. அரச வைத்தியசாலைகளில் 'மித்துரு பியச' என்று, தமிழில் 'நட்பு நிலையம்' என்று, இதற்கென்றே ஒரு பிரிவை சுகாதார அமைச்சு நடத்துகிறது. பெயர்ப்பலகையில் வன்முறை என்ற சொல் இருக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், உள்ளே போகிறவளை யாரும் அடையாளம் காணாமல் இருக்க.

பஸ்ஸைச் சொல்லாமல் விட முடியாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியல் தொல்லைக்கு ஒரு தடவையாவது ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 வீதம். இந்த நாலு வீதத்தை வைத்துக்கொண்டு குற்றம் கூடியதா குறைந்ததா என்று வரைபடம் கீறுகிறோம்! நாமும்தான் சேப்டி பின்னோடு பஸ் ஏறினோம். யாரிடம் முறையிட்டோம்? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் ரியூசன் நின்றுவிடும்.

இன்றைக்கும் நிற்பது அதுதான். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, உயர்தர விஞ்ஞானப் பிரிவு படிக்க நகரத்துக்கு வரவேண்டும். விடியப்புறம் பஸ், இருட்டியபின் வீடு. இறங்கும் இடத்தில் இருந்து வீட்டுக்கு விளக்கில்லாத ஒழுங்கை, சந்தியில் ஐஸ் போதைப்பொருளோடு நிற்கும் பொடியன்கள். ஒரு நாள் யாரோ பின்தொடர்கிறான். தகப்பன் மறுநாளே மறித்துவிடுகிறார். முறைப்பாடு இல்லை, காயம் இல்லை, வழக்கு இல்லை. ஒரு வைத்தியர் அல்லது பொறியியலாளர் குறைந்துபோனார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள். தகப்பனிலும் பிழை சொல்ல முடியாது.

2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் வேலை முடியாத இடத்தில் ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர்கள் போயின, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தச் சாவுகளையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறோம். படிக்கப் போகும் வழியில் ஒரு பிள்ளைக்கு நடப்பதெல்லாம் ஒரே கணக்குத்தான்.

ஆகவே எமது மாவட்டத்தில் அடுத்த வருடம் பெண்கள், சிறுவர் தொடர்பான முறைப்பாடுகள் இரண்டு மடங்காகக் கூடியதென்று பத்திரிகையில் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் தோழிகளே, பயந்து தொலைபேசி எடுக்காதீர்கள். முறையிட வழி கிடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். கொலை கூடினால் பயப்படுங்கள். கழுத்து நெரிப்போடு வருபவர்கள் கூடினால் நாம் பயப்படுவோம். (உங்கள் காணி உறுதிகளை மட்டும் ஒரு தடவை காணிப் பதிவகத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். ஆள் இல்லாத வளவுகளுக்குக் கள்ள உறுதி முடிப்பது இங்கே இப்போது நல்ல தொழில்.)

கடைசியாக, நூற்றாண்டு நிதி. அலங்கார வளைவு கட்டுவதா, மண்டபத்துக்குக் குளிரூட்டி போடுவதா என்று செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். எமது வாக்கு அதற்கில்லை. வெருகல், ஈச்சிலம்பற்று, சம்பூர், குச்சவெளிப் பக்கங்களில் இருந்து உயர்தரம் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு கட்டிலோடு ஒரு விடுதி, அதற்கு நம்பகமான ஒரு பொறுப்பாளர் அம்மா. அதோடு சிறிய பயணச் செலவு நிதி ஒன்று: நீதிமன்றத் தவணைக்கும் வைத்தியசாலைக்கும் வரும் பெண்ணுக்கு பஸ் காசு, சாப்பாடு, கூட வர எம்மில் ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், சட்டத்தரணிகள், தாதிமார் என்று இந்த மண்டபத்திலேயே போதிய ஆட்கள் இருக்கிறோம். இரு மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் முதலில் பெயர் கொடுங்கள், முறைப்பாட்டை வாசித்துச் சொல்ல அவர்கள்தான் தேவை.

மேசையில் உள்ள கடதாசியில் நாலு இலக்கங்கள் அச்சிட்டிருக்கிறோம். பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணும் பார்க்கும் உயரத்தில். விடுதிக்கான மதிப்பீட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையின் பின் அது பொதுக்கூட்டத்துக்கு வருகிறது, வாக்களிக்காமல் யாரும் போய்விடாதீர்கள்.